சேர் பட்டமும் கொள்ளி உரித்தும்

கதவைத் திறந்தேன். ஐம்பது வயது மதிக்கத்தக்க வெள்ளைக்காரர் ஒருவர், படியேறிய களைப்பில் மூச்சிரைக்க நின்றிருந்தார். ஒரு கையில் சிறிய பயணப்பை. மறு கையில், கொழுவியில் மாட்டி உறையிட்ட கறுப்புக் கோட்டும் காற்சட்டையும். ஆபிரிக்கக் கரையிலிருந்து சிரோக்கோக் காற்று வீசும் நாள் அது. சுவரைத் தொட்டால் கை சுட்டது. அவருடைய வியர்வை மூக்கு நுனியில் திரண்டு, விழுவதா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்தது.

“பிந்திப் போனனோ?” என்று மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

நான் வாய் திறக்குமுன் பல்கனியிலிருந்து பதில் வந்தது.

“மலர், ஆரது? வத்தகப்பழக்காரனெண்டால் உள்ளுக்கு விடாதையும். போன கிழமை தந்தது முழுக்கத் தண்ணி!”

வந்தவரின் முகம் வெளிறியது. அந்தக் குரலுக்குரியவரை அடக்கம் செய்வதற்காகத்தான் அவர் இங்கிலாந்திலிருந்து விமானமேறி வந்திருந்தார்.

வரச் சொன்னவள் நான்.

வுச்சீரியாவுக்கு மேலே ஒரு வீடு

சிசிலித் தீவின் பலெர்மோ நகரில் நான் வேலை பார்த்த வீடுகளைப் பற்றிச் சென்ற சில வாரங்களாக எழுதி வருகிறேன். அவற்றுள் என் மனம் அடிக்கடி திரும்பிச் செல்வது இந்த வீட்டுக்குத்தான். வுச்சீரியாச் சந்தைக்கு அருகே, பழைய கட்டடமொன்றின் மூன்றாம் மாடி. காலையில் மீன் மணமும், மாலையில் கரியில் வாட்டும் இறைச்சியின் புகையும் கேளாமலே உள்ளே வந்துவிடும்.

வீட்டில் இருவர். எண்பத்தைந்தைக் கடந்த சேர் ஹியூ ஹார்ல்பெக், அவருடைய ஒரே மகள் ஹெலன். ஹெலன் பலெர்மோவில் பிறந்தவர், மணம் முடிக்காதவர், பிள்ளைகளுக்கு ஆங்கிலம் கற்பித்து வந்தவர். தந்தையோடு பேசும்போது அரசகுமாரி போன்ற ஆங்கிலம். மீன்காரனோடு பேரம் பேசும்போது வாயில் வரும் சிசிலிய மொழியை இங்கே எழுத இயலாது.

நான் அங்கே சமையலுக்கும் சேர் ஹியூவைப் பார்த்துக்கொள்வதற்கும் போனேன். ஊரில் நான் ஆங்கிலம் படித்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து அவர் என்னைக் கதை கேட்பதற்கும் வைத்துக்கொண்டார். எங்கள் பேச்சு ஆங்கிலத்தில்தான் நடந்தது. ஆனால் இப்போது நினைக்கும்போது அந்தக் குரல்களெல்லாம் என் காதில் யாழ்ப்பாணத் தமிழிலேயே கேட்கின்றன. கேட்கிறபடியே எழுதிவிடுகிறேன், வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

விலைக்கு வாங்கிய பெயர்

ஆங்கில அரசர் கொடுக்கும் ‘சேர்’ பட்டத்தில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒருவர் தம் வாழ்நாளில் பெற்று, தம்மோடு எடுத்துச் செல்வது. எங்கள் நாட்டிலும் அப்படிச் சிலர் இருந்தார்கள். மற்றது பரம்பரையாக இறங்குவது. தந்தைக்குப் பின் மகன், மகன் இல்லையேல் தம்பி, தம்பியும் இல்லையேல் தம்பியின் மகன். ஆண் வழியிலே எவ்வளவு தூரம் போனாலும் போகும். ஒரு பெண்ணின் தலையில் மட்டும் இறங்காது. ஹார்ல்பெக் குடும்பத்துப் பட்டம் இந்த இரண்டாம் வகை.

“முதல் சேர் என்ன வீரம் செய்தவர்?” என்று ஒருமுறை கேட்டேன்.

“வீரமோ? அந்தாள் ஆட்டுமயிர் வித்தவர்,” என்றார் சேர் ஹியூ. “ராசாவுக்குப் படைக்குச் சம்பளம் குடுக்கக் காசில்லை. காசு கட்டினால் பட்டம் தாறன் எண்டார். எங்கட ஆள் கட்டினார். நானூறு வருசத்துப் பெருமை, மலர். வடிவாப் பாத்தால் ஒரு பற்றுச்சீட்டு.”

அந்தப் பற்றுச்சீட்டை அவர் எவ்வளவு நேசித்தார் என்பதை நான் அறிவேன். வெள்ளிக் கரண்டிகளின் காம்பில் விரித்த கை ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். பட்டம் பெற்றவர்களின் சின்னம் அது. நான் எலுமிச்சைத் தோலும் சாம்பலும் போட்டுத் துலக்கி வைத்தால், ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பின்பு, வேறெதையோ பார்த்ததுபோல் வைத்துவிடுவார்.

பட்டத்தோடு சேர்ந்து வீடும் நிலமும் இறங்கிய காலத்தில் நடந்த கதை ஒன்றை அவர் பலமுறை சொல்லியிருக்கிறார். அக்காலத்துச் சேர் ஒருவர் இளவயதிலே இறந்து போனார். பிள்ளைகள் எல்லாம் பெண்கள். அடுத்த உரித்துக்காரரான ஒன்றுவிட்ட சகோதரர் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினார். வந்த இடத்தில் ஒரு செய்தி: இறந்தவரின் மனைவி கர்ப்பமாக இருக்கிறாள். பிறப்பது ஆணென்றால் பட்டம் அந்தக் குழந்தைக்கு. ஆகவே அவர் ஊர்ச் சத்திரத்தில் அறை எடுத்து, மாதக் கணக்காக, ஒரு பெண்ணின் பிரசவத்துக்குக் காத்திருந்தார்.

“பிறகு?”

“பெட்டைதான் பிறந்தது. அடுத்த நாளே அந்தாள் வீட்டுக்குள்ளை. தாயும் பிள்ளையளும் வெளியிலை.”

அதைக் கேட்டுக்கொண்டிருந்த ஹெலன் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார்: “அந்தக் கதையை அப்பா சொல்லேக்கை ஒவ்வொருக்காலும் சிரிப்பார். நான் ஒருக்காலும் சிரிச்சதில்லை.”

வீடு பெண்ணுக்கு, கொள்ளி ஆணுக்கு

எங்கள் பக்கத்து வழக்கத்தை நான் அவர்களுக்குச் சொன்னேன். யாழ்ப்பாணத்தில் வீடு பெண்பிள்ளைக்குப் போகும்; சீதனமாக எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அண்ணன் தம்பிமார் உழைத்துத் தங்கைக்கு வீடு கட்டிவிட்டு, தாங்கள் மனைவியின் வீட்டுக்குப் போய்ச் சேருவார்கள்.

“அப்ப ஆம்பிளைக்கு என்ன மிச்சம்?” என்றார் சேர் ஹியூ.

“கொள்ளி,” என்றேன். “தகப்பன் செத்தால் மகன்தான் கொள்ளி வைக்க வேணும். மகன் இல்லாட்டி சகோதரத்தின்ரை மகன். அவருக்குத்தான் உரித்து.”

“நெருப்பு வைக்கிறதுக்கும் வரிசையோ!” அவர் வியந்து போனார். “எங்கடையைப் போலை.”

‘எங்கடையைப் போலை’ என்று அவர் சொன்னது என் மனதில் ஆழமாக விழுந்துவிட்டது. பட்டம் இறங்கும் வரிசையும் கொள்ளி இறங்கும் வரிசையும் ஒன்றேயென்றால், பட்டத்துக்கு உரியவரே ஈமக்கடனுக்கும் உரியவர் என்று நான் முடிவு செய்துகொண்டேன். அவர்களிடம் அப்படியொரு கடமை இல்லை என்பது என் எண்ணத்திலே வரவேயில்லை. பெயர் ஒருவருக்குப் போக, பிணத்தை வேறு யாரோ பார்த்துக்கொள்ளும் குடும்பம் உலகத்தில் இருக்கும் என்று எந்த யாழ்ப்பாணத்தாள் நினைப்பாள்?

பெறாமகன்

அடுத்த உரித்துக்காரர் பீட்டர். சேர் ஹியூவின் தந்தையும் பீட்டரின் பாட்டனாரும் உடன்பிறந்தவர்கள். அந்த உறவைச் சொல்ல ஆங்கிலத்தில் மூன்று நான்கு சொற்கள் தேவைப்படுகின்றன. சொல்லி முடித்தபின் உறவே தூரமாகிவிடுகிறது. எங்களுக்கு ஒரே சொல். பெறாமகன். பெறாவிட்டாலும் மகன்.

அந்தப் பெறாமகனின் பெயரைச் சேர் ஹியூ உச்சரிப்பதில்லை.

காரணம் இதுதான். சேர் ஹியூவுக்குப் பட்டம் அவருடைய பெரியப்பாவிடமிருந்து வந்தது. கூடவே ஒழுகும் கூரையோடு ஒரு மாளிகையும், கட்டிமாளாத வரியும் வந்தன. அவர் மாளிகையையும் நிலத்தையும் விற்றுவிட்டு, தம் தந்தை வைன் வியாபாரம் செய்த சிசிலிக்கே திரும்பிவிட்டார். அடுத்த வரிசையில் நின்ற பீட்டரின் தந்தையிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ‘வீட்டை விற்றவர் பட்டத்தையும் தன்னோடு வைத்திருக்கட்டும்’ என்று அந்த மனிதர் சொல்லிவிட்டார். அதோடு பேச்சு நின்றது. பின்னர் அவரும் இறந்துவிட்டார். மாளிகை இப்போது கலியாண மண்டபம்.

இந்தப் பட்டம் தானாக வந்து ஒட்டிக்கொள்வதில்லை. உரித்துள்ளவர் முன்வந்து, இன்னாரின் வழியில் இன்னார் என்று நிரூபித்துக் கேட்டால்தான் அரச பட்டியலில் பெயர் ஏறும். கேளாமல் விட்டால் அது உறங்கிப் போகும். பீட்டர் பல் வைத்தியர். “நான் அதைக் கேக்கப் போறேல்லை. என்னட்டை வாற ஆக்கள் சிரிப்பினம்,” என்று அவர் சில ஆண்டுகளுக்கு முன் ஹெலனிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தார். ஹெலன் அதை ஒரு கோபத்தில் தந்தையிடம் சொல்லிவிட்டார்.

சேர் ஹியூவின் துயரம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. நிலத்தை விற்றவர் என்ற பெயர் ஏற்கெனவே உண்டு. இனிப் பட்டமும் அவரோடு முடியுமென்றால், நானூறு ஆண்டு வரிசையில் எல்லாவற்றையும் முடித்துவைத்தவர் அவர்தான்.

“கூப்பிட்டுக் கேளுங்கோவன், சேர் ஹியூ,” என்றேன்.

“எந்த முகத்தோடை? எல்லாத்தையும் வித்துத் திண்டுபோட்டு, மிச்சப் பேரை நீ எடு எண்டோ? கேக்க மாட்டன்.”

தொலைபேசியில் நான் சொன்னது

அந்த ஆண்டு இளவேனிலில் அவருக்கு நெஞ்சுச் சளி கட்டி, மருத்துவமனையில் இருந்து மீண்டு வந்தார். இதயம் தளர்ந்துவிட்டது, இனி அதிக காலமில்லை என்று வைத்தியர் ஹெலனிடம் சொன்னார். கோடை பிறந்தும் அவர் தேறவில்லை. ஒரு வாரமாகக் கஞ்சி தவிர ஒன்றும் உண்ணவில்லை.

ஹெலன் மருந்துக் கடைக்குப் போயிருந்த ஒரு முற்பகலில் வீட்டுத் தொலைபேசி அடித்தது. எடுத்தேன். பீட்டர். நலம் விசாரிக்க ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை அழைப்பார். ஹெலன் இரண்டு வரியில் முடித்துவிடுவார். அன்று அகப்பட்டவள் நான்.

“சேர் ஹியூ இருக்கப் போறது கொஞ்சக் காலம்தான்,” என்றேன். “நீங்கள் வர வேணும்.”

“நானா? ஏன் நான்?”

“நீங்கள்தானே உரித்துக்காரர். கடைசிக் காரியத்திலை நீங்கள்தான் முன்னுக்கு நிக்க வேணும். நீங்கள் இல்லாமல் அவரை அனுப்பேலாது.”

“எனக்கு இதை ஒருத்தரும் சொல்லேல்லையே,” என்றார்.

“அதுதான் இப்ப நான் சொல்லுறன்.”

அன்றிரவு வீட்டில் இதைச் சொன்னபோது என் கணவர் சோற்றுக் கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவருக்கு மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் வேலை. வெள்ளைக்காரரின் சங்கதி எல்லாம் தமக்குத் தெரியும் என்பது அவருடைய நம்பிக்கை.

“உமக்கென்ன விசரே? வெள்ளைக்காரருக்கு ஏதப்பா கொள்ளி? அவை பெட்டியிலை வைச்சுப் புதைக்கிற ஆக்கள். ஆர் முன்னுக்கு நிண்டாலென்ன, பின்னுக்கு நிண்டாலென்ன?”

“அப்ப அந்தப் பட்டத்துக்கு அவர் என்னத்தைச் செய்யிறார்?”

“ஒண்டும் செய்யிறேல்லை. சும்மா வாங்கிறார். நல்ல காலம், நீர் எட்டாம் நாள் எட்டுச் செலவுச் சமையலுக்குக் கத்தரிக்காய் எவ்வளவு எண்டு கேக்கேல்லை.”

அன்று எனக்கு உறக்கம் வரவில்லை. மறுநாள் அழைத்துத் திருத்தலாம் என்றால் அவருடைய எண் என்னிடமில்லை. ஹெலனிடம் சொல்லத் துணிவு வரவில்லை. ஆனால் அடுத்த இரண்டு நாள்களில் சேர் ஹியூ எழுந்து உட்கார்ந்து, பல்கனிக்குப் போக வேண்டும், பழம் வேண்டும் என்று கேட்கத் தொடங்கினார். மூன்றாம் நாள் பீட்டர், கறுப்பு உடுப்போடு.

ஆருக்குச் செத்தவீடு?

இனி அந்தக் கதவடிக்குத் திரும்புவோம்.

வந்தவரை நான் பல்கனிக்கு அழைத்துச் சென்றேன். வேறு வழி இல்லை. சேர் ஹியூ மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். தகப்பனின் சாயலைக் கண்டிருக்க வேண்டும். பிறகு பார்வை அந்தக் கறுப்பு உடுப்பில் நின்றது.

“ஆருக்குச் செத்தவீடு?”

பீட்டர் பொய் சொல்லத் தெரியாதவர். “மன்னிக்க வேணும்,” என்றார். “உங்களுக்கு.”

பின்னால் வாசற்கதவு சாத்தும் ஓசை கேட்டது. பாடம் முடித்துத் திரும்பிய ஹெலன் கூடத்தில் நின்றிருந்தார். “இவரை ஆர் கூப்பிட்டது?”

“நான்தான், சிஞ்ஞோரா.”

“நீர் ஆர் கூப்பிட? அப்பாவைக் குளிப்பாட்டுறது நாங்கள். மாத்திரை குடுக்கிறது நாங்கள். இவர் உடுப்போடை வந்து நிக்கிறார், அந்தச் சத்திரத்திலை காத்துக்கொண்டிருந்த மனுசனைப் போலை!”

பீட்டர் சிவந்து போனார். “நான் ஒண்டும் எடுக்க வரேல்லை, ஹெலன். அடக்கம் செய்யிறது என்ரை கடமை எண்டு இந்த அம்மா சொன்னா. நான் இல்லாமல் ஏலாது எண்டா. அதுதான் நோயாளிகளை மாத்தி விட்டிட்டு ஓடி வந்தனான்.”

“எந்தச் சட்டத்திலை?” என்று சேர் ஹியூ என்னைக் கேட்டார்.

நான் நின்றபடியே கொள்ளி உரித்தை மீண்டும் விளக்கினேன். பெறாமகன் என்ற சொல்லையும் சொன்னேன். கீழே தெருவில் பழ வண்டிக்காரன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனான்.

சேர் ஹியூ சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கி, மறுபடி சிரிப்பாகியது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“நானூறு வருசமா எங்கட ஆக்கள் வாங்கிறதுக்குத்தான் வரிசையிலை நிண்டவை,” என்றார். “ஒண்டைச் செய்யிறதுக்கெண்டு வந்து நிண்ட முதல் ஆள் நீர்தான். இரும். அவசரமில்லை எண்டு நினைக்கிறன். நீர் பல்லு டொக்டர் அல்லோ? இந்தக் கீழ்ப் பொய்ப்பல்லு ஒரு மாசமா என்னைக் கொல்லுது. அதைப் பாரும் முதல்.”

பீட்டர் கையைக் கழுவிவிட்டு வந்து, முழந்தாளிட்டு, பெரியவரின் முகத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார். அதுவரை ஒருவரை ஒருவர் தொட்டறியாத இரு ஹார்ல்பெக்குகள். ஒருவர் வாயை ஆவென்று திறந்திருக்க, மற்றவர் விரலால் பல்லீறைத் தடவிப் பார்த்தார். நகம் தேய்க்கும் அரம் ஒன்று கேட்டார். ஹெலன் தம் கைப்பையிலிருந்து எடுத்து, முகத்தைப் பாராமலே நீட்டினார். பல்லின் ஓரத்தைத் தேய்த்து, கழுவி, மாட்டி, மறுபடி கழற்றித் தேய்த்தார். கடைசியில் சேர் ஹியூ பாதாம் பருப்பொன்றை வாயிலிட்டுக் கடித்தார். அந்த ஓசையைக் கேட்டு ஹெலன் தம்மை அறியாமலே ஓரடி முன்னே வந்தார். கஞ்சியே குடித்துக்கொண்டிருந்த மனிதர் அன்று பாணும் கணவாயும் உண்டார்.

பீட்டர் சில நாள் தங்கினார். பின்பு இலையுதிர் காலத்தில் ஒருமுறை வந்தார். அடுத்து டிசம்பரில் நத்தாருக்கு வந்தார். ஹெலனோடு சந்தைக்குப் போய்ப் பை தூக்கினார். எல்லாம் பேசினார்கள், பட்டம் ஒன்றைத் தவிர. சேர் ஹியூ கேட்கவில்லை. பீட்டர் சொல்லவில்லை.

தேநீர்

பாதாம் மரங்கள் பூக்கும் காலத்தில் சேர் ஹியூ உறக்கத்திலேயே போய்விட்டார். பீட்டர் அன்று மாலையே வந்து சேர்ந்தார்.

கல்லறைத் தோட்டத்தில் அவர் என் அருகே குனிந்து, “எங்கை நிக்க வேணும்?” என்று கேட்டார்.

“முன்னாலை,” என்றேன். என் கணவர் தொண்டையைச் செருமினார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பீட்டர் முன்னால் போய், கைகளைக் கோத்து, கடைசிப் பிடி மண் விழும்வரை அசையாமல் நின்றார். மழை தூறியது. குடை விரித்து நீட்டியவரிடம் வேண்டாம் என்று தலையசைத்தார்.

வீடு திரும்பியபின் ஹெலனும் அவரும் சமையலறை மேசையிலேயே அமர்ந்துவிட்டார்கள். நான் தேநீர் ஊற்றினேன். இருவரும் குடிக்கவில்லை.

“நீர் அதைக் கேட்டு எடுக்க வேணும்,” என்றார் ஹெலன்.

பீட்டருக்கு எது என்று விளங்கியது. “உங்களுக்கு வந்திருக்க வேண்டியது, ஹெலன். அது தெரிஞ்சு நான் எப்பிடி எடுக்கிறது?”

“எனக்கு வராது. அந்தக் கோவத்தை நான் சாகுமட்டும் வைச்சிருப்பன், அது என்ரை சொத்து. ஆனால் அப்பாவோடை முடிஞ்சுது எண்டு ஒருத்தரும் சொல்லக் கூடாது. அவர் கேக்க வெக்கப்பட்டார். எனக்கு வெக்கமில்லை. நான் கேக்கிறன்.”

பீட்டர் கோப்பையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார். “வாற ஆக்கள் சிரிப்பினம்.”

“உம்மட்டை வாற ஆக்களின்ரை வாய்க்குள்ளை உம்மடை கை இருக்கும். எப்பிடிச் சிரிப்பினம்?”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த முகத்தோடேயே கண் கலங்கியது. கைக்குட்டையைத் தேடிக் கறுப்புக் கோட்டின் பைகளைத் துழாவினார். கிடைக்கவில்லை, நான் கை துடைக்கும் துணியொன்றை எடுத்துக் கொடுத்தேன்.

“ஓம்,” என்றார். “எடுக்கிறன்.”

ஹெலன் எழுந்து, சீனிப் பாத்திரத்தை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தார். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தார். பின்பு, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் தெளிவான குரலில் சொன்னார்:

“சேர் பீட்டர், தேத்தண்ணி ஆறுது.”

தமக்குப் பின்னால் யாரோ வந்து நிற்கிறார்கள் என்று நினைத்து, பீட்டர் திரும்பிப் பார்த்தார்.